மாடிக்கு ஒரு ஊதாப்பூ: குட்டை அவரையில் புது ரகம் உருவாக்கும் முறை

தாராபுரத்தில் ஆனி பிறந்துவிட்டால் மொட்டை மாடியில் ஒரு வேட்டியைக் காயப்போட நான்கு கவ்விகள் வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை தாண்டி இங்கே வந்து சேர்ந்த பிறகும் அதன் வீம்பு அடங்கியிருக்காது. சுற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மாடியில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றியவர்கள் ஆடி முடிவதற்குள் பந்தலைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கும். ஆகவே எனக்கு வேண்டிய பூச்செடிக்கு நிபந்தனைகள் கறாரானவை. முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கொம்பு, கயிறு எதுவும் கேட்கக் கூடாது. பூ ஊதாவாக இருக்க வேண்டும். வெளிறிப்போன ஊதா அல்ல, கத்தரிக்காய்த் தோலை ஒட்டிய ஊதா.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் தன் வீட்டு வாசலில் தொட்டியில் வைத்திருக்கும் கிளமாட்டிஸ் கொடியைப் படமெடுத்து அனுப்பி, “மாமா, இதையே அங்கே வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்டான். வைக்கலாம், ஊட்டியிலோ கோத்தகிரியிலோ. கிளமாட்டிஸுக்கு வேர் குளிர்ந்திருக்க வேண்டும். சித்திரை மாதம் என் மாடித் தளத்தில் மத்தியானம் செருப்பில்லாமல் நிற்க முடியாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானாகவே படரும் கிளமாட்டிஸ் உண்டு, ஆனால் அதன் பூ வெளுப்பு. உலகமெங்கும் பரவிய ஊதா வகையான ‘ஜாக்மனி’, 1858இல் இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் ஜாக்மன் குடும்பத்தின் நாற்றங்காலில் செய்த கலப்பில் பிறந்தது. அது முதலில் பூத்தது 1862இல். பெரிய பூ வகைகளின் விதை முளைப்பதற்கே சில சமயம் ஒரு வருடம் ஆகும். அந்த அளவுக்குப் பொறுமை இருப்பவர்கள் மலையில் வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

நான் எடுத்துக்கொண்டது அவரை. சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ தோட்டத்தில் ஊதாப்பூ அவரையைப் பந்தலில் படரவிட்டு அழகுக்காகவே வளர்க்கிறார்கள்; பார்க்க வருகிறவர்கள் விதை வாங்கிப் போகிறார்கள். நாம் அதே பூவைக் கிளுவை வேலியில் பார்த்துவிட்டு, காய் முற்றிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடக்கிறோம். கொடி, ஊதாப்பூ, கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் காம்பு எல்லாம் இதில் ஏற்கெனவே இருக்கின்றன. குட்டையாக்குவதுதான் பாக்கி.

ஊதாப்பூ பூக்கும் குத்தவரை, அதாவது கொடி ஓடாமல் குத்துச் செடியாக நிற்கும் அவரை, கடையில் கிடைக்காதா என்று சிலர் கேட்பார்கள். தேடினால் கிடைக்கலாம். ஆனால் அவை காய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செடிகள். காய் எடை, பறிப்பு எண்ணிக்கை, நாரின்மை என்று பார்த்து வளர்த்ததில் பூங்கொத்து இலைக்கு மேலே நிற்கிறதா, இலைக்குள் ஒளிந்துகொள்கிறதா என்பது கணக்கில் வந்திருக்காது. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

எதை எதனோடு கலப்பது

தாயாக வெள்ளைப் பூ பூக்கும் குத்தவரையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையாக அடர் ஊதாப் பூ பூக்கும் வேலி அவரை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம், காரணம் இருக்கிறது.

அவரையில் கொடியாகும் குணம் ஓங்கியது; குத்துச் செடியாக நிற்பது ஒடுங்கியது. இரண்டும் ஒரு செடியில் சேர்ந்தால் ஓங்கியதுதான் வெளியே தெரியும். ஊதாப் பூ ஓங்கியது, வெள்ளை ஒடுங்கியது. பிர்னோ மடத்தில் மெண்டல் பட்டாணியில் பார்த்து 1865இல் சொன்ன அதே இரண்டு குணங்கள்தான்: உயரமும் பூவின் நிறமும். இப்போது கலப்பு சரியாக நடந்ததா என்று எப்படித் தெரியும்? தாய் குட்டை, வெள்ளை. கலப்பு தவறி, பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால் அந்த விதையிலிருந்து வருவதும் குட்டை, வெள்ளைதான். உண்மையிலேயே கலந்திருந்தால் முளைப்பது கொடியாக ஓடும், ஊதாவாகப் பூக்கும். செடியே சாட்சி சொல்லிவிடும். ஊதாக்கொடியைத் தாயாக வைத்தால் இந்தச் சாட்சி கிடைக்காது. கலந்ததும் கலக்காததும் ஒரே முகத்தோடு வளரும்.

வேலி அவரை விதைக்கு நான் கடைக்குப் போகவில்லை. காங்கேயம் பக்கம் அம்மிச்சி ஊரில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்து வேலியில் ஏறிக் கிடந்த கொடி அது. காம்பும் தண்டும் செம்மை படிந்து, காயின் விளிம்பெல்லாம் ஊதாக் கோடு ஓடியிருக்கும். அம்மிச்சி காலத்தில் விதைக்குச் செம்மண் கட்டி, காயவைத்துப் பானையில் போட்டு வைப்பார்கள், வண்டு அண்டாது. இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊரிலும் கிழவிமார் வீட்டில் இப்படி ஒரு பானை இருக்கும். விதை கேட்கும்போது பூவின் நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். காயின் நிறத்தை வைத்துப் பூவை ஊகிக்க வேண்டாம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பூக்கவைப்பது

இதில்தான் முதல் சிக்கல். வேலி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை வரை கொடி கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும். நம் கொங்குப் பகுதியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நமக்கு உறைக்காத அந்த வித்தியாசம் அவரைக்கு உறைக்கிறது. இப்போது கிடைக்கும் குத்தவரை ரகங்களோ பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. விதைத்து ஒன்றரை மாதத்தில் மொட்டு வைத்துவிடும்.

ஆகவே கொடியை ஆடியில் போடுங்கள். குத்தவரையைப் புரட்டாசி தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக நான்கைந்து தொட்டிகள் போட்டுக்கொண்டே வாருங்கள். கொடி எந்த வாரத்தில் பூத்தாலும் அதற்கு ஈடாகத் தாய்ச்செடி ஒன்று மொட்டோடு நிற்கும். கார்த்திகைதான் கலப்புக்கு உகந்த மாதம். மழை ஓய்ந்து ஓய்ந்து வரும், வெயில் சுடாது, காற்றும் படுத்திருக்கும். வெயில் ஏறிய மாசங்களில் கலந்த பூ காம்போடு கீழே விழுந்துவிடும்.

கையில் என்ன வேண்டும்

நான் கைக்கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவன். கடையை மகனிடம் விட்ட பிறகும் இடுக்கியையும் கண்ணில் மாட்டும் லென்ஸையும் மட்டும் விடவில்லை. அவரைப் பூவைத் திறப்பது கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளான ஹேர்ஸ்பிரிங்கைத் தொடுவது மாதிரி: கையை அழுத்தினால் போயிற்று, தயங்கி நடுங்கினாலும் போயிற்று. உங்களிடம் கடிகார இடுக்கி இல்லையென்றால் புருவம் திருத்தும் இடுக்கியில் நுனி கூரானதாகப் பார்த்து வாங்கலாம். ஒரு தையல் ஊசி, சிறு புட்டியில் ஸ்பிரிட், எண்ணெய்க் காகிதத்தில் ஒட்டிய விரல் நீளப் பைகள், நூல் கோத்த அட்டைச் சீட்டுகள். பழுதுக்கு வந்த கடிகாரத்தில் கட்டுகிற அதே சீட்டு இதற்கும் உதவுகிறது. பேனாவால் எழுத வேண்டாம், ஒரு மழைக்குத் தாங்காது. பென்சில் எழுத்து வருடக்கணக்கில் நிற்கும்.

கலப்பு

மாலை நான்கு மணிக்கு மேல் தாய்ச்செடியிடம் போங்கள். மறுநாள் விரியப்போகிற மொட்டைத் தேட வேண்டும். அது நன்றாகப் பருத்திருக்கும். நுனியில் பச்சை போய் வெண்மை ஏறியிருக்கும். ஆனால் மேலே மூடியிருக்கும் பெரிய இதழ் இன்னும் வாய் பிளந்திருக்காது. விரிந்த பூவை நம்பாதீர்கள். அவரையில் மகரந்தப் பை மொட்டுக்குள்ளேயே வெடித்துவிடும். பூ விரிவதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். ஒரு கொத்தில் அடியிலுள்ள இரண்டு மூன்று மொட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். செடியின் சாரம் சிதறக் கூடாது.

இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மொட்டைப் பிடியுங்கள். ஊசி நுனியால் மேல் விளிம்பைக் கீறி, பெரிய இதழைப் பின்னால் மடக்குங்கள். உள்ளே இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு இதழ்கள், அவற்றையும் விரித்துவிடுங்கள். நடுவில் படகு அல்லி மிஞ்சும். பட்டாணியில் அது மெல்ல வளைந்திருக்கும், அவரையில் ஏறக்குறையச் செங்கோணமாக மேலே திரும்பியிருக்கும். அந்தத் திருப்பத்தில்தான் கைப்பழக்கம் இல்லாதவர்கள் சூல்தண்டை ஒடித்துவிடுவார்கள். வளைவின் வெளிப்பக்கமாகக் கீறினால் உள்ளே உள்ளது பிழைக்கும். இப்போது லென்ஸில் பாருங்கள். ஒன்பது மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும், பத்தாவது தனியே நிற்கும். நடுவில் தட்டையான சூல்தண்டு, அதன் நுனிக்குக் கீழே மெல்லிய மயிர் வரிசை. பத்துப் பைகளையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். எண்ணிக்கொண்டே எடுங்கள். ஒன்பதோடு நிறுத்திவிட்டால் மிஞ்சிய ஒன்று போதும், எல்லாம் வீண். ஏதாவது ஒரு பை ஏற்கெனவே வெடித்து மஞ்சள் தூள் உதிர்ந்திருந்தால் அந்த மொட்டையே கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு பூவுக்கும் இடையில் இடுக்கியை ஸ்பிரிட்டில் முக்கித் துடையுங்கள்.

விரித்த இதழ்களை மறுபடி மூடிவிடுங்கள். சூல்முடி காயாமல் இருக்க அதைவிடப் பொருத்தமான போர்வை கிடையாது. அதன் மேல் காகிதப் பையை மாட்டி, சீட்டைக் கட்டுங்கள்.

மறுநாள் காலை, வெயில் உறைப்பதற்குள், தந்தைக் கொடியிலிருந்து அப்போதுதான் விரிகிற பூவைப் பறித்து வாருங்கள். இதழ்களை எல்லாம் உரித்துவிட்டு படகு அல்லியை அடியிலிருந்து அழுத்தினால் சூல்தண்டு நுனி வெளியே வரும். அந்த மயிர் வரிசை முழுக்க மகரந்தம் அப்பியிருக்கும். தூரிகை தேட வேண்டாம், அதுவே தூரிகை. தாய்ப்பூவின் சூல்முடியில் இரண்டு முறை மெதுவாகத் தடவி, இதழை மூடி, பையை மாட்டி, சீட்டில் தேதியும் ‘தாய் × தந்தை’ என்ற வரிசையில் பெயரும் எழுதுங்கள். உலகமெங்கும் தாய் பெயர்தான் முதலில்.

மூன்று நான்கு நாளில் தெரிந்துவிடும். காம்பு மஞ்சளித்தால் உதிரப்போகிறது. பச்சையாக நின்று, உள்ளே அரிவாள் போல ஒரு பச்சை இழை நீண்டால் பிடித்துவிட்டது, பையைக் கழற்றிவிடலாம். பாதிக்கு மேல் உதிரும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குங்கள். கலக்காத அவரைப் பூவிலேயே பெரும்பகுதி உதிரத்தான் செய்கிறது. ஒரு காயில் மூன்று முதல் ஆறு விதை. இரண்டு காய் நின்றாலும் போதும், நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

ஏமாற்றும் தலைமுறை

அடுத்த ஆடியில் அந்த விதைகளைப் போடுங்கள். வருவது எல்லாம் கொடி. குட்டையின் சாயலே இருக்காது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். குட்டை எங்கும் போகவில்லை, உள்ளே இருக்கிறது. ஓங்கிய குணம் அதை மூடி வைத்திருக்கிறது. இந்தக் கொடி பகல் குறுகும் வரை பூக்கவும் செய்யாது. அவசரக்காரர்கள் தொட்டியைத் தினமும் மாலை ஐந்து மணிக்கு இருட்டறைக்குள் வைத்துக் காலை ஏழு மணிக்கு வெளியே எடுத்து, செயற்கையாகப் பகலைக் குறைத்துப் பார்க்கலாம். எனக்கு அந்த முதுகு வலி வேண்டாம் என்று ஆடிப்பட்டத்துக்குக் காத்திருந்தேன்.

ஊதாவாகப் பூத்த ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்து, பூங்கொத்துகளைக் கொசுவலைத் துணியால் மூடிவிடுங்கள். அவரை தன்னிலேயே காய்ப்பதுதான் வழக்கம் என்றாலும், கருவண்டு அதை மதிப்பதில்லை. ஒரு பூவில் அமர்ந்து படகு அல்லியை அமுக்கிவிட்டு, அதே மகரந்தத்தை வயிற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கொடிக்குப் போகும். நன்றாகப் படர்ந்த ஒரே கொடி நூற்றுக்கணக்கில் விதை தரும். ஒரு சின்னப் பந்தல் இதற்கு மட்டும் தேவைப்படும். கார்த்திகையில் காற்று அதை விட்டுவைக்கும்.

கழிக்கிற வேலை

இனி வருவதுதான் உண்மையான வேலை. கலப்பது கைத்திறமை, பழகினால் வந்துவிடும். கழிப்பதற்கு மனசு வேண்டும்.

மூன்றாம் வருடம் வைகாசி முதல் வாரத்தில் நூறு விதையாவது போடுங்கள். வைகாசி என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அப்போது போட்டால் ஆனி நடுவில், பகல் ஆண்டிலேயே நீண்டிருக்கும் நாட்களை ஒட்டி மொட்டு வர வேண்டும். பகல் நீளம் பார்க்கும் செடிகள் அப்போது பூக்காமல் நின்று தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். அதோடு ஆடிக்காற்றும் வந்துவிடும். எது சாய்கிறது, எது நிற்கிறது என்று நாம் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நூறு தொட்டிக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். காகிதக் கோப்பைகளில் நட்டு, கொடி ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கைந்து வாரத்தில் நான்கில் மூன்று பங்குச் செடிகள் நுனி நீண்டு, பக்கத்துச் செடியின் கழுத்தைச் சுற்றத் தொடங்கும். அவற்றைப் பிடுங்கிவிடுங்கள். மிச்சம் உள்ள கால் பங்கைத்தான் வேர் கலையாமல் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அவற்றில் நான்கில் மூன்று ஊதா. அதாவது பதினாறுக்கு மூன்று செடிகள் குட்டையும் ஊதாவும் சேர்ந்தவை. பகல் நீளம் பார்க்காமல் எப்போதும் பூக்கும் குணமும் ஒடுங்கிய குணம்தான் என்பதால், மூன்றும் தனித்தனியே பிரிந்தால் 64க்கு மூன்றுதான் கிடைக்கும். நூறு விதைக்கு நான்கைந்து செடி. நூறுக்குக் குறைவாகப் போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

நான் பிடுங்கிக் குவிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “ஏனுங்க அண்ணா, காய்க்கப்போகிற செடியைப் போய் இப்படிப் பிடுங்குவார்களா? பாவமுங்க” என்றாள். “உங்கள் ஆட்டுக்குத்தான் அம்மணி, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவரைக்கொடி நல்ல தீவனம். அடுத்த தடவை அவளே கூடையோடு வந்து, எது எது கழிக்க வேண்டியது என்று எனக்கு முன்னால் சொல்லத் தொடங்கிவிட்டாள். கண் பழகிவிட்டால் யாருக்கும் தெரியும்.

பொய்க்குட்டைகளிடம் ஏமாறாதீர்கள். குட்டையாக நிற்கிற செடி எல்லாம் பிறவிக் குட்டை அல்ல. சிறிய தொட்டியில் வேர் சுருண்டதால் வளராமல் நிற்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்து, அதனால் குறுகி நிற்கும். தேமல் நோய் வந்து இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கி, கணுக்கள் நெருங்கி, பார்ப்பதற்கு அடக்கமான அழகுச் செடி மாதிரியே நிற்கும். அதிலிருந்து விதை எடுத்தால் மறுதலைமுறை கொடியாக ஓடினாலும் ஆச்சரியமில்லை. எனவே எல்லாச் செடிக்கும் ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர். நான் செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவும் கலந்து பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வைக்கிறேன். யூரியா கிட்டவே வர வேண்டாம். பயறு வகைச் செடிக்கு வேர் முடிச்சு தழைச்சத்தைக் கொடுத்துக்கொள்ளும். மேலே அள்ளிப் போட்டால் குட்டையும் இலையாகக் கொழுத்துப் பூவை மறைத்துவிடும்.

பிறவிக் குட்டைக்கு ஒரு தெளிவான அடையாளம் இருக்கிறது. அதன் தண்டு ஒரு பூங்கொத்தில் போய் முடியும். நுனியில் மேலும் வளரத் துளிர் இருக்காது. கொடி வகையில் பூங்கொத்து இலைக்கணுவில் பக்கவாட்டில் வரும், நுனி போய்க்கொண்டே இருக்கும். உயரத்தை அளப்பதற்கு முன் நுனியைப் பாருங்கள்.

நிறத்தைப் பார்ப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். அவரைப் பூ காலையில் ஒரு நிறம், விரிந்து நேரம் போனால் வேறு நிறம். வயதாக ஆக நீலம் பாய்ந்து வெளிறும். எல்லாச் செடியையும் ஒரே நாள், ஒரே நேரம், அன்றைக்கு விரிந்த பூவை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். நினைவை நம்பாமல் ஒரு நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிது: பனியன் கம்பெனிகளில் நூல் சாயத்துக்கு வைத்திருக்கும் ஷேடு கார்டு ஒன்று கிடைத்தால் போதும். என்னிடம் இருப்பது பழையது. அதிலும் ஊதாவில் மட்டும் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

இவ்வளவும் தேறிய பிறகு கடைசியாக ஒன்று பாருங்கள்: கொத்து இலைக்கு மேலே எழுந்து நிற்கிறதா? தெருவில் நின்று பார்த்தால் பூ தெரிய வேண்டும். நிறம் அருமையாக இருந்தும் தலையைக் குனிந்து இலைக்குள் பூக்கிற செடிகளை நான் இரக்கமில்லாமல் கழித்திருக்கிறேன். காய் எத்தனை என்று கேட்பவர்களுக்கு என் ரகம் பிடிக்காது.

நிலைநிறுத்துவது

கிளமாட்டிஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நல்ல செடி ஒன்று கிடைத்தால் போத்து வெட்டி வேர் பிடிக்கவைத்து அதையே ஆயிரமாக்கிக்கொள்வார்கள். அவரை விதையில் போகிற பயிர். விதை தாயைப் போலவே வர வேண்டும், அதற்கு இன்னும் சில தலைமுறை வேண்டும்.

குட்டைக் குணம் ஒடுங்கியது என்பதால் குட்டையாகக் கிடைத்த செடி அந்த விஷயத்தில் அப்போதே தூயது. அதன் பிள்ளை கொடியாகாது. ஊதா அப்படி இல்லை. தேர்ந்த ஊதாச் செடிகளில் மூன்றில் ஒன்றுதான் தூய ஊதா, மற்ற இரண்டும் உள்ளே வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி உறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் பதினாறு விதை போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளைப் பூ வந்தாலும் அந்தக் குடும்பமே வேண்டாம். ஒளித்து வைத்திருக்கும் செடி பதினாறு பிள்ளைகளிலும் மாட்டிக்கொள்ளாமல் தப்ப வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். பத்து விதையோடு நிறுத்தினால் அந்த வாய்ப்பு நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறாகிவிடும். ஆறு விதையில் மிச்சம் பிடித்து ஒரு பட்டத்தை இழக்க வேண்டாம்.

மற்ற சில்லறைக் குணங்கள், அதாவது இலை அளவு, கொத்தின் நீளம், பூக்கும் நாள் எல்லாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதிப் பாதியாக அடங்கி ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய ஒரே அச்சாகிவிடும். இந்தக் குட்டைகள் பகல் நீளம் பார்க்காதவை என்பதால் இங்கிருந்து வேலை ஓடும். நான்கு மாதத்துக்கு ஒரு தலைமுறை. சித்திரைப் பட்டத்தை மட்டும் நான் விட்டுவிடுவேன், வெயிலில் பூ உதிர்ந்து விதை தேறாது. அசுவினி கொத்தை மொய்த்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். அதற்கு மேல் மருந்து எதுவும் நான் தொடுவதில்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிஞ்சுக் காயைப் பொரியல் செய்யலாம். முற்றிக் காய்ந்த விதையைப் பச்சையாக வாயில் போட விடாதீர்கள், அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உண்ண வேண்டும்.

பெயரும் பதிவும்

கோயம்புத்தூர் புது ரகங்களின் ஊர். 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்ததற்குக் காரணமே அந்த மண்ணில் கரும்பு பூத்து விதை பிடிப்பதுதான். நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து கிடைத்த ‘கோ 205’ 1918இல் வெளியாகி வடஇந்திய வயல்கள் வரை போனது. அந்தக் ‘கோ’ கோயம்புத்தூரின் முதலெழுத்து. வேளாண் பல்கலைக்கழகத்தின் அவரை ரகங்களும் அதே எழுத்தைத் தாங்கித்தான் வருகின்றன. அவர்கள் வயலில் செய்வதை நாம் மாடியில் சின்னதாகச் செய்கிறோம். முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

உருவாக்கிய ரகத்தைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதற்கானது. அவர்கள் கேட்பது நான்கு: ரகம் புதிதாக இருக்க வேண்டும், மற்ற ரகங்களிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், செடிக்குச் செடி ஒன்றாக இருக்க வேண்டும், தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் இருக்க வேண்டும். விவசாயிகளுக்கு இதில் கட்டணச் சலுகை உண்டு. வெறும் எண்ணைப் பெயராக வைக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். அந்தப் பாடு வேண்டாம் என்பவர்கள் விதையைப் பகிர்ந்துகொண்டே போகலாம். விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளவும் கொடுக்கவும் விற்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. முத்திரையிட்ட பெயரில் விற்காமல் இருந்தால் சரி.

பதிவுக்குப் போனாலும் போகாவிட்டாலும், பெயர் சூட்டுவதற்கு முன் விதையை வேறு மண்ணில் போட்டுப் பார்த்துவிடுங்கள். நான் என்னுடையதைப் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு நிழலில் ஒருவருக்கும், கோபிசெட்டிபாளையத்து வாய்க்கால் ஓரத்தில் ஒருவருக்கும், காங்கேயம் சரளை மண்ணில் ஒருவருக்கும் கொடுத்திருக்கிறேன். தொட்டியில் வைக்காமல் தரையில் நடச் சொல்லியிருக்கிறேன், அருகில் வேறு அவரை இல்லாத இடமாகப் பார்த்து. தண்ணீரும் நிழலும் கண்ட இடத்தில்தான் செடியின் மெய்யான உயரம் தெரியும். பொள்ளாச்சியில் தொடையளவு வந்துவிட்டது என்று தகவல். காங்கேயத்தில் முழங்கால். கோபியிலிருந்து ஆடிக்குப் பிறகு சொல்வதாக இருக்கிறார்கள்.